ஜாக்கி மேல் நின்ற வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள், வீட்டைத் தூக்கிப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அவர்கள் வாசலில் கடல் வந்து நின்றிருக்காது. ரொட்டிக்காரர் வீட்டில் அது மாதத்துக்கு இரண்டு தடவை வந்து நின்றது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓதம் ஏறும்போது சாக்கடை வழியாகப் பின்பக்கம் வந்து, குளியலறை ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து, யாரும் வா என்று கூப்பிடாமலே கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சொல்லாமல் வருகிற உறவுக்காரர்களாவது கிளம்பும்போது மிச்சம் வைக்காமல் போவார்கள். இது போகும்போது தரையெல்லாம் உப்பையும் சேற்றையும் வைத்துவிட்டுப் போகும்.

அந்த வீட்டைக் கட்டின காலத்தில் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் வலை காயப்போடும் திடல் ஒன்று இருந்தது. அதற்கு அப்பால் மணல்மேடு, அதற்கும் அப்பால்தான் அலை. கடல் முதலில் மேட்டைத் தின்றது, பிறகு திடலில் பாதியைத் தின்றது. போதாக்குறைக்கு ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ரோட்டை உயர்த்திப் போட்டார்கள். ரோடு உயர உயர வீடு பள்ளமாகிக்கொண்டே வந்தது. படியேறி நுழைந்துகொண்டிருந்த வீட்டுக்குள் இப்போது படியிறங்கி நுழைய வேண்டியிருந்தது.

ரொட்டிக்காரரின் மனைவியைத் தெரு முழுக்க அண்ணி என்றே கூப்பிடும். கல்யாணமாகி வந்த புதிதில் கொழுந்தன் ஒருவன் கூப்பிட்டதை ஊர் பிடித்துக்கொண்டது. அவளைவிட வயதில் மூத்த பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கும் அவள் அண்ணிதான். அந்தக் கொழுந்தன் கடல் வேண்டாம் சாமி என்று உள்நாட்டுக்குப் போய் லாரி பட்டறை வைத்துவிட்டான். அழைப்பு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

போன புயலுக்குப் பிறகு அவன் வாரம் தவறாமல் போன் செய்தான். பட்டறைக்குப் பக்கத்திலேயே கடைக்கு இடம் இருக்கிறது, வந்துவிடுங்கள், எத்தனை நாளைக்கு ஈரத்தில் கிடப்பீர்கள் என்று. அவன் சொன்னதில் தப்பே இல்லை. அந்தப் புயலில் பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு அடுக்கி வைத்திருந்த மைதா மூட்டைகள் எல்லாம் கரைந்து பசையாகிவிட்டன. ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டியிருக்கலாம். ஆனால் அண்ணிக்குக் கணக்கு வேறு. விடியலில் போய் மதியம் திரும்புகிற படகுக்குப் பன், நாலைந்து நாள் கடலில் தங்குகிற படகுக்கு இரண்டு தடவை சுட்ட ரஸ்க். அந்த ரஸ்க் ஈரக் காற்றிலும் நமுத்துப்போகாது என்பதால்தான் மூன்று துறை தள்ளியிருக்கிறவர்களும் இங்கே வந்து வாங்கினார்கள். உள்நாட்டில் மூலைக்கொரு பேக்கரி. அங்கே போய் யாருக்கு ரஸ்க் சுடுவது?

"மீன் பிடிக்கிறவன் இங்க இருக்கிற வரைக்கும் ரொட்டி சுடறவனும் இங்கதான் தம்பி. நீ வேணா எங்களுக்காக ஒரு அறையைக் காலியா வச்சிரு. இது தோத்துப்போனா வர்றோம்" என்றாள்.

"எதுண்ணி தோத்துப்போனா?"

"வீட்டைத் தூக்கப் போறோம்."

போனில் அவன் சிரித்த சத்தம் கூடத்தில் இருந்த கணவருக்கும் கேட்டது.

அவள் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் தூக்கிய ஒரு வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அந்த வீட்டுக்காரியிடம் அடுப்படி ஓட்டை உட்பட எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கையோடு மேஸ்திரியையும் பேசிக் கூட்டிவந்தாள். ஒல்லியான மனிதர். பேசுவதைவிட விசில் ஊதுவதுதான் அதிகம். அவர் வீட்டை ஒரு சுற்று வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, இடுப்பு உயரத்துக்குத் தூக்கலாம் என்றார். பின்னால் படுக்கையறைச் சுவரை ஒட்டிக் கொட்டகைக்குக் கீழே இருந்த ரொட்டி அடுப்பைப் பார்த்ததும் நின்றார்.

யானை படுத்துக் கிடப்பது போன்ற அடுப்பு அது. ரொட்டிக்காரர் தன் கையாலேயே கட்டியது. இது வீட்டுச் சுவரோடு சேர்ந்ததா என்று மேஸ்திரி கேட்டார். ஒட்டித்தான் நிற்கிறது, சேர்க்கவில்லை, தனி அஸ்திவாரம் என்றார் ரொட்டிக்காரர். அப்படியானால் வீடு மேலே போகும், அடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கும், நடுவில் இருக்கிற பூச்சு உதிரும், அவ்வளவுதான் என்று மேஸ்திரி முடித்துவிட்டார்.

தையல்காரருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அவர் வேலியோரம் வந்து நின்று, அண்ணி வீடு மேலே போனால் அங்கே தேங்குகிற தண்ணீரும் தன் வீட்டுக்குத்தானே வரும் என்று கேட்டார். ஞாயமான கேள்வி. அவருக்கு வீடே தொழிற்கூடம். தையல் மெஷின்கள் எல்லாம் தரையில்தான் நின்றன. அண்ணியும் சளைக்கவில்லை. என் வீடு பள்ளத்தில் கிடந்தால் மட்டும் உங்கள் வீடு நனையாமலா இருந்தது என்று கேட்டாள். அவர் வேலியை விட்டுத் திரும்பிப் போய்விட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சு நின்றது.

வேலை தொடங்கியது. அஸ்திவாரத்தின் இரண்டு பக்கமும் பள்ளம் தோண்டி, சுவருக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லை உடைத்து எடுத்து, எடுத்த இடத்தில், வீட்டின் உள்தரையையும் சேர்த்துத் தாங்குகிற மாதிரி இரும்புச் சட்டத்தைச் செருகி, அதற்குக் கீழே ஒவ்வொரு ஜாக்கியாக வைத்தார்கள். லாரிக்கு டயர் மாற்றும்போது வைக்கிற அதே ஜாக்கிதான். முதலில் இரண்டு மூலை, பிறகு நடு, பிறகு மற்ற மூலைகள். கடைசிக் கல்லையும் உடைத்து எடுத்த அன்று அந்த வீட்டுக்குப் பூமியோடு இருந்த உறவு அறுந்தது. குழாயும் கரண்டும் அதற்கு முன்பே போயிருந்தன. அண்ணி பாத்திரங்களைக் கட்டட்டுமா என்று கேட்டதற்கு, டம்ளரில் தண்ணீர் வைத்தாலும் தளும்பாது அக்கா, பேசாமல் இருங்கள் என்றார் மேஸ்திரி. சும்மா சொல்கிறாரா என்று பார்க்க அவள் நிஜமாகவே ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் படுக்கையறை ஜன்னல் திட்டில் வைத்தாள்.

தூக்குகிற அன்று காலையில் ஆட்கள் ஆளுக்கு நாலைந்து ஜாக்கிக்கு முன்னால் பள்ளத்தில் குந்தினார்கள். மேஸ்திரி விசில் ஊதினால் ஒரு கால் சுற்று. அடுத்த ஜாக்கிக்கு நகர்ந்து ஒரு கால் சுற்று. கையில் இருக்கிறது முடிந்ததும் கையைத் தூக்க வேண்டும். எல்லாக் கையும் தூக்கின பிறகுதான் அடுத்த விசில். அவசரக்காரனுக்கும் சோம்பேறிக்கும் அங்கே இடமில்லை. அண்ணி வாசலில் நின்று பார்த்தாள். வீடு அசைந்த மாதிரியே தெரியவில்லை. ஆனால் முன்சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில், வெளிச்சம் ஒரு நூல் போல நுழைந்தது. அதைப் பார்த்து வந்தது சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

உள்ளே போய் டம்ளரைப் பார்த்தாள். தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து திட்டு நனைந்திருந்தது. பின்சுவர் பக்கம். அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை, வெளியே ஓடிவந்து இரண்டு கையையும் ஆட்டினாள். மேஸ்திரி நிறுத்தச் சொல்லி நீளமாக ஊதினார். மட்டம் பார்க்கிற ட்யூப் லெவலைப் பிடித்துப் பார்த்தால் மூன்று மூலையும் விரல் உயரம் ஏறியிருந்தது. படுக்கையறையின் பின்மூலை மட்டும் ஏறவே இல்லை. அந்த அறைச் சுவரில், ஜன்னலிலிருந்து கூரை வரைக்கும் முடி போல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

மேஸ்திரி பின்பக்கம் போய் அடுப்பைச் சுற்றி வந்தார். சுவருக்கும் அடுப்புக்கும் நடுவில் நகம் நுழைய இடமில்லை. அவர் திரும்பி ரொட்டிக்காரரைப் பார்த்தார்.

"அண்ணே, நான் முதல் நாளே கேட்டேன். இதுல எதையாவது சேர்த்துக் கட்டியிருக்கீங்களா?"

ரொட்டிக்காரர் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டார். கையில் மாவே இல்லை. அடுப்பை அணைத்து ஒரு வாரமாகியிருந்தது. அண்ணிக்கு அந்தத் துடைப்பிலேயே விஷயம் புரிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் பொய் சொல்லத் தெரியாமல் கையைத்தான் துடைப்பார்.

"என்னங்க?" என்றாள்.

"கம்பி போட்டிருக்கேன்."

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. வருஷங்களுக்கு முன்னால், முதன்முதலாக உப்புத் தண்ணீர் அடுப்புக்குக் கீழே இறங்கியபோது அடுப்பு ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. அண்ணி தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்த சமயம். இவர் யாரையும் கூப்பிடாமல், விரல் கனத்தில் மூன்று கம்பிகளை அடுப்பின் வளைந்த கூரையான கவிகைக்குள் இருந்து படுக்கையறைச் சுவருக்குள் இறக்கிக் கொக்கி போட்டு, மேலே பூசிவிட்டார். அவள் திரும்பி வந்தபோது சுவர் காய்ந்து வெள்ளையும் அடித்திருந்தது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா அடுப்பை இடிக்கச் சொல்லுவாங்க."

"அதுக்காக? வீடு கிழிஞ்சா பரவாயில்லையா?"

"கிழியும்னு நினைக்கலம்மா. இந்தத் தெருவுல எந்தக் கம்பி நிலைச்சிருக்கு, நீயே சொல்லு. ஜன்னல் கம்பியை எத்தனை தடவை மாத்தியிருக்கோம். கேட்டோட கீல் தொட்டாக் கையோட வருது. இத்தனை வருஷத்துல அது பொடியாப் போயிருக்கும், தூக்கும்போது தானா முறிஞ்சிடும்னு நினைச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தெருவில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். துருவை நம்பி வாழ்கிற தெரு அது. எந்தப் பூட்டு எந்த வருஷம் உதிரும் என்று பூட்டும்போதே தெரியும். மேஸ்திரி மட்டும் அடுப்பின் வாயில் கையை விட்டுப் பார்த்தார். அணைத்து ஒரு வாரமாகியும் உள்ளே இன்னும் வெதுவெதுப்பு இருந்தது.

"தினம் தினம் காயற கம்பிண்ணே. ஈரம் எங்கேருந்து வரும்? புதுசு மாதிரி இருக்கும்" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை அண்ணி கேள்விப்பட்டிருக்கிறாள். இந்த மனிதர் இரும்பைச் சுவரில் மறைத்து, அதன் பக்கத்திலேயே தலையணை போட்டுத் தூங்கியிருக்கிறார். தானும் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, குளிருக்கு இதமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எதையாவது எடுத்து வீசலாம் போலிருந்தது. வீடே ஜாக்கி மேல் நிற்கும்போது எதை எடுத்து எங்கே வீசுவது?

பட்ட காலிலே படும் என்பார்கள். அன்று மதியமே ஒலிபெருக்கி கட்டின வண்டி தெருவுக்குள் வந்தது. கடலில் காற்றழுத்தம் உருவாகியிருக்கிறது, வாரம் முடிவதற்குள் புயலாகிக் கரையைத் தொடலாம், படகுகள் போக வேண்டாம், தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தயாராக இருங்கள் என்று சொல்லிக்கொண்டே போனது. வண்டி ரொட்டிக்காரர் வீட்டருகே வந்ததும், அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தவர் ஒரு விநாடி நிறுத்திவிட்டார். ஜாக்கி மேல் நிற்கிற வீட்டுக்கு என்ன அறிவிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை போலும்.

மேஸ்திரி இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். வீட்டுக்கு இப்போது அஸ்திவாரம் கிடையாது, புயல் வரைக்கும் இப்படியே விட முடியாது என்றார். இரண்டே வழி. தூக்கின விரல் உயரத்தையும் இறக்கி, பழைய மட்டத்திலேயே கல் வைத்து அடைத்துவிடலாம். வீடு நிற்கும், ஆனால் பள்ளத்தில் நிற்கும். தண்ணீர் ஜன்னல் வரைக்கும் வரும். இல்லையென்றால் கம்பியை அறுத்துவிட்டுத் தூக்க வேண்டும். படுக்கையறைப் பக்கமிருந்து சுவரைக் குடைந்து அறுக்கலாமே என்று ரொட்டிக்காரர் கேட்டார்.

"ஜாக்கி மேல நிக்கிற சுவர்ல நான் உளி வைக்க மாட்டேண்ணே. கம்பிகிட்டப் போகணும்னா அடுப்பு வழியாத்தான் போகணும். கவிகையை இறக்கணும்."

கவிகை இறங்கினால் அடுப்பு இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். ரொட்டிக்காரர், வீட்டையே இறக்கிவிடலாம் என்றார். புயல் போகட்டும், தம்பி வீட்டுக்குப் போய்விடலாம், அவன் அறை வைத்திருக்கிறான், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணி எழுந்தாள். கணவர் முகத்தைப் பார்த்தால் இளகிவிடுவோம் என்று அவளுக்குப் பயம். அதனால் பார்க்காமலே பேசினாள்.

"அப்புறம்னு ஒண்ணு கிடையாதுங்க. ஒரு தடவை இறக்கினா மறுபடி தூக்க நமக்குத் தெம்பும் இல்ல, சேமிப்பும் இல்ல. அடுப்பு இல்லாத வீட்டுல மறுபடி அடுப்பு கட்டலாம். வீடே இல்லாத அடுப்பை வச்சு என்ன பண்றது? மழையில நனையறதைப் பாத்துக்கிட்டு நிக்கறதா?"

அவள் கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தாள். தூக்கத் தெரியாமல் தூக்கி அடுப்பின் முதுகில் ஒரு குத்துக் குத்தினாள். மேலே மெத்தியிருந்த மண் கொஞ்சம் சிதறியது, அவ்வளவுதான். இரண்டாவது குத்துக்கு ஓங்கும்போது கடப்பாரை மேலேயே நின்றது. பின்னால் வந்து அவர் பிடித்திருந்தார்.

"குடு. நீ குத்தினா செங்கல்லும் உடையும், உன் காலும் உடையும். நான் கட்டினது. எந்தக் கல்லை எடுத்தா எது இறங்கும்னு எனக்குத்தான் தெரியும்."

அவர் ஆத்திரத்தில் இடிக்கவில்லை. மேலே சூடு தங்குவதற்காகப் போட்டிருந்த மண்ணையும் கண்ணாடித் தூளையும் மண்வெட்டியால் வழித்து ஒதுக்கினார். உச்சிக் கல்லை உளியால் நெம்பி எடுத்தார். அடுத்த வரிசையை எடுத்தார். ஒவ்வொரு கல்லையும் கையில் வாங்கி, உடையாததை ஒரு பக்கமும் உடைந்ததை ஒரு பக்கமும் வைத்தார். பாதி வட்டம் வந்ததும், எல்லோரும் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு கல்லைத் தட்டினார். மிச்சக் கவிகை தானாகவே உள்ளே உட்கார்ந்தது. வெதுவெதுப்பான சாம்பலும் பல வருஷத்து ரொட்டி வாசனையும் கிளம்பி வந்தன. தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் பசியெடுத்தது போல நின்று பார்த்தார்கள். ரொட்டிக்காரர் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாம்பல் கண்ணில் விழுந்துவிட்டது என்றார். யாரும் அதை மறுக்கவில்லை.

உள்ளே மூன்று கம்பிகளும் கருநீலமாக, ஒரு பொட்டுத் துருவில்லாமல் நின்றன. மேஸ்திரி உளியால் தட்டினார். மணி மாதிரிச் சத்தம் வந்தது. ரம்பத்தை எடுத்து முதல் கம்பியை ரொட்டிக்காரரே அறுத்தார், மற்றதை ஆட்கள் அறுத்தார்கள். கடைசிக் கம்பி விட்டதும் அந்த மூலை சின்னதாக ஒரு முனகல் முனகி, மற்ற மூலைகளோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

ஆனால் மறுநாள் காலையில் விசில் ஊத மேஸ்திரி வந்தபோது பள்ளத்தில் பாதி ஆட்கள் இல்லை. அவர்களுக்கும் கடலோரத்தில்தான் வீடு. கூரையைக் கட்ட வேண்டும், பெண்டு பிள்ளைகளை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மேஸ்திரியே போகச் சொல்லி அனுப்பியிருந்தார். இருக்கிற ஆளை வைத்துத் தூக்கினால் புயல் முந்திக்கொள்ளும் என்றார்.

அண்ணி செருப்பைக்கூட மாட்டாமல் கரைக்குப் போனாள். புயல் எச்சரிக்கைக் கொடி ஏற்றியாகிவிட்டதால் படகுக்காரர்கள் படகுகளை மேட்டில் இழுத்துப் போட்டுக் கட்டிவிட்டுக் கை சும்மா இருந்தார்கள். அவள் கெஞ்சவில்லை. எத்தனை வருஷமாக என் ரஸ்க்கை நனைத்துத் தின்கிறீர்கள், அதற்கு ஈடாக ஆளுக்குக் கால் சுற்றுச் சுற்றினால் போதும், வாருங்கள் என்றாள். அவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை. படகு இழுக்கிற வேகத்தோடு வந்தார்கள். முதல் விசிலுக்கே ஒருவர் முழுச் சுற்றுச் சுற்றிவிட்டார்.

மேஸ்திரி பள்ளத்துக்குள் குதித்தார். "இது படகு இல்லய்யா, வீடு. முன்னால போனாலும் தப்பு, பின்னால போனாலும் தப்பு. கால் சுத்துன்னா கால் சுத்து."

அவர்கள் பழகிக்கொண்டார்கள். பின்மூலையில் மட்டும் ஓர் இடம் காலியாக இருந்தது. அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அங்கே இறங்கப் போனபோது, வேலியைத் தாண்டித் தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

"நகருங்க அண்ணி."

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு?"

"எதுக்கா? இந்த மூலை சரிஞ்சா யார் வீட்டு மேல விழும்? உங்க வீட்டு மேலயா விழும்?" என்று சொல்லிக்கொண்டே அவர் குந்தினார். ஊசியில் நூல் கோக்கிற கை. அந்த மூலைதான் மற்ற மூலைகளைவிடச் சீராக ஏறியது.

வானம் இருண்டுகொண்டு வர வர விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தூக்கத் தூக்க, ஜாக்கிகளுக்கு நடுவில் சிமெண்ட் கட்டைகளை வைத்துக் கட்டிக்கொண்டே வந்தார்கள். அண்ணி டீயும், கடையில் மிச்சமிருந்த ரஸ்க்கும் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பேசக்கூட நேரமில்லாத வேலை. ரொட்டிக்காரர் சிமெண்ட் குழைத்தார். மாவு பிசைகிற பழக்கத்தில் கையால் குழைக்கப் போய் மேஸ்திரியிடம் திட்டு வாங்கினார். கம்பி விஷயத்துக்குப் பிறகு அவருக்கு முகம் கொடுக்காமலிருந்த அண்ணி அன்றுதான் சிரித்தாள்.

வீடு இடுப்பு உயரத்துக்கு வந்த அன்று காற்று திசை மாறியது. கடைசி வரிசைக் கட்டைக்குப் பூசின சிமெண்ட் ஈரமாகவே இருந்தது. ஜாக்கிகளை எடுக்கக் கூடாது என்றார் மேஸ்திரி. எடுக்காவிட்டால் உப்புத் தண்ணீரில் முங்கி வீணாகுமே, அதுதானே உங்கள் தொழில் என்று அண்ணி கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் கிரீஸை அப்பிக்கொண்டே, வீடு விழுந்தால் மட்டும் ஜாக்கி நன்றாக இருக்குமா அக்கா என்றார். பிறகு தன் வீட்டைப் பார்க்கக் கிளம்பிப் போனார்.

அண்ணி தையல்காரரைக் கூப்பிட்டு மெஷின்களை எல்லாம் தன் வீட்டில் கொண்டுவந்து வைக்கச் சொன்னாள். கூடத்தில் மைதா மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவை வரிசையாக நின்றன. எல்லாம் முடிந்து, துணிப்பையோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் ரொட்டிக்காரர் வாசலில் உட்கார்ந்துகொண்டார். அவர் வரவில்லையாம். வீடுதான் உயரமாகிவிட்டதே, தான் காவல் இருக்கிறாராம்.

"ஈரச் சிமெண்ட் மேல உக்காந்துகிட்டு யாருக்குக் காவல் இருக்கப் போறீங்க? வீட்டைத் தூக்கினது பொருள் நனையக் கூடாதுன்னு. நீங்க உள்ள உக்காந்து சாகறதுக்கு இல்ல. எழுந்திரிங்க."

"நான் தப்புப் பண்ணிட்டேன். இது விழுந்தா நானும்..."

"விழுந்தா ரெண்டு பேரும் வந்து பொறுக்கலாம். இப்ப எழுந்திரிங்கன்னு சொல்றேன்."

அவள் குரலில் இருந்ததைக் கேட்டு அவர் எழுந்தார். பள்ளிக்கூடத்தில் தெருவே இருந்தது. காற்று அடித்த அடியில் யாரும் தூங்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் ரொட்டிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது தகரம், இது மரம் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் தெரியாது. ஆனால் யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

காற்று ஓய்ந்து தண்ணீர் வடியத் தொடங்கியதும் இருவரும் முழங்கால் சேற்றில் நடந்து வந்தார்கள். தெருமுனை திரும்புகிற இடத்தில் அண்ணியின் கால் நின்றுவிட்டது. நீங்கள் முதலில் பாருங்கள் என்றாள். அவர் எட்டிப் பார்த்தார். திரும்பி அவளைப் பார்த்தார். கையை அசைத்து வா வா என்றார்.

வீடு நின்றது. புதுக் கட்டைகளின் மேல் வரிசைக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்ற கோடு இருந்தது. தையல்காரர் வீட்டில் அந்தக் கோடு ஜன்னல் திட்டைத் தொட்டிருந்தது. ரொட்டிக்காரர் வீட்டு வாசலில் மண் அரித்துப் போய்ப் பள்ளமாகியிருந்ததால், கதவு அவள் நெஞ்சு உயரத்தில் தொங்கியது. ஏறி இறங்கப் போட்டிருந்த பலகையைக் கடல் கொண்டுபோயிருந்தது. இத்தனை பேர் இத்தனை நாள் பாடுபட்டதில் ஒருவருக்கும் படி கட்டுகிற ஞாபகம் வரவில்லை.

அவர் குனிந்து இரண்டு கையையும் கோத்துப் பிடித்தார். அவள் சேற்றுக் காலை அதில் வைத்து, அவர் தலையைப் பிடித்துக்கொண்டு ஏறி, வாசலில் வயிறு அழுந்தப் படுத்து, உருண்டு உள்ளே போனாள். பார்க்க அழகான காட்சியில்லை. எழுந்து கூடம் முழுக்க நடந்தாள். குனிந்து தரையைத் தொட்டாள். மூட்டைகளைத் தொட்டாள், மெஷின்களைத் தொட்டாள். எல்லாம் காய்ந்திருந்தது. திரும்பி வந்து வாசலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுதாள். அவர் கீழே சேற்றில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல உனக்கு ஏறி இறங்கப் படி கட்டிடறேன்" என்றார்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "படி கிடக்கட்டும். அடுப்பைக் கட்டுங்க, இந்தத் தரைக்குச் சமமா மேடை போட்டு. படி இல்லாம வீட்டுக்குள்ள ஏற எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அடுப்பு இல்லாம ரொட்டி சுட உங்களுக்குத் தெரியுமா?"